முளையில் தெரியாத பயிர்: சொந்த ஆட்டக்காரர்களை வளர்க்க ஒரு கால்பந்து கிளப்புக்கான முழு வழிகாட்டி

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். கால்பந்தில் அது பெரும்பாலும் தெரியாது. 11 வயதில் அணியையே தோளில் சுமந்த பையன் 17-ல் காணாமல் போகிறான். அதே அணியில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த பொடியன் 20 வயதில் முதல் அணிக்குள் நுழைகிறான். பின்னாளில் பிரான்ஸ் அணியின் நட்சத்திரமான அந்துவான் கிரீஸ்மானை உயரம் போதாது என்று பிரான்சில் பல கிளப்புகள் திருப்பி அனுப்பின; அவரை ஸ்பெயினின் ரியல் சோசியேடாட் எடுத்து வளர்த்தது. பின்னாளில் இங்கிலாந்து அணிக்கே ஆடிய ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் விடுவித்தது. அங்கெல்லாம் முடிவெடுத்தவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் இல்லை. அந்த வயதில் தெரியாததைத் தெரிந்ததாக நினைத்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டி திறமையைக் கண்டுபிடிப்பதில் தொடங்கவில்லை. முதல் அணியில் தொடங்கி, அங்கிருந்து கீழ்நோக்கி வருகிறது. நாற்றங்கால் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், நடவுக்கு வயல் ஒதுக்காவிட்டால் நாற்று முற்றிப்போகும்.

சொல்லின் பொருள்

'கிளப் வளர்த்த ஆட்டக்காரர்' என்பதற்கு ஐரோப்பியப் போட்டிகளில் துல்லியமான கணக்கு உண்டு. 15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் 3 முழு சீசன்கள் அல்லது 36 மாதங்கள் அந்தக் கிளப்பில் பதிவாகியிருக்க வேண்டும். காலம் தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. எந்த நாட்டவர் என்பதும் பொருட்டில்லை. 25 பேர் பட்டியலில் 8 இடங்கள் இப்படி உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கு. அந்த 8-ல் அதே நாட்டின் வேறு கிளப்புகளில் வளர்ந்தவர்கள் 4 பேர்வரை இருக்கலாம், மீதி இடங்கள் சொந்தக் கிளப்பில் வளர்ந்தவர்களுக்கே. ஆள் இல்லையென்றால் அந்த இடத்தை வாங்கி நிரப்ப முடியாது, பட்டியல்தான் சுருங்கும். இங்கிலாந்து பிரீமியர் லீக் 2010-11 சீசனிலிருந்து வேறு மாதிரி எழுதியிருக்கிறது: 25 பேரில் வெளியே வளர்ந்தவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது.

காகிதத்தில் 15 முதல் 21 வரைதான். ஆட்டக்காரர் உருவாவது 6 வயதில் தொடங்கி 22, 23 வரை நீள்கிறது.

படி 1: நிமிடங்களை எண்ணுங்கள்

38 ஆட்டங்கள் கொண்ட லீக்கை எடுத்துக்கொள்வோம். 38 × 11 × 90 = 37,620. ஒரு சீசனில் முதல் அணி பகிர்ந்தளிக்கும் மொத்த நிமிடங்கள் இவ்வளவுதான். இதில் பத்தில் ஒரு பங்கை 21 வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதாகக் கிளப் முடிவு செய்தால் 3,762 நிமிடங்கள் வரும். ஒரே ஆள் எல்லா ஆட்டமும் முழுதாக ஆடினால் 3,420 போய்விடும். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,250 சொச்சம். ஆக, 17 முதல் 20 வயதுக்குள் 25 பேரை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் 'வாய்ப்பு வரும்' என்று சொல்லும் கிளப், கணக்கே போடவில்லை என்று அர்த்தம்.

அடுத்து ஒரு பெரிய தாளில் 11 இடங்களையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு, மூன்றாம் தேர்வு என்று மூன்று வரி போடுங்கள். மூன்றாம் வரியில் வெளியாளை எழுதாதீர்கள். அதைச் சொந்தப் பிள்ளையின் பெயரால் நிரப்புங்கள், அல்லது காலியாக விடுங்கள். பாதையை அடைப்பது பெரும்பாலும் நட்சத்திர ஆட்டக்காரர் இல்லை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்றாவது லெஃப்ட் பேக்காக (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக) வாங்கிப்போட்ட 29 வயதுக்காரர்தான். முதல் இருவரும் காயத்தில் விழுந்த அந்த மூன்று வாரம்தான் 19 வயதுப் பிள்ளைக்கு வரக்கூடிய ஒரே சந்தர்ப்பம். அதையும் அவரே எடுத்துக்கொள்கிறார்.

இந்தத் தாளுக்குப் பொறுப்பு தலைமைப் பயிற்சியாளரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அடுத்த மூன்று ஆட்டம் தோற்றால் அவர் வேலை போகும். 17 வயதுப் பையனைப் பற்றி நான்கு வருடம் தள்ளி யோசி என்று அவரிடம் கேட்பது நியாயமும் இல்லை. பயிற்சியாளர் மாறினாலும் மாறாத ஒருவர், கால்பந்து இயக்குநரோ அகாடமி எனப்படும் இளையோர் பயிற்சிப் பிரிவின் தலைவரோ, ஒவ்வொரு வீரர் வாங்கல் கூட்டத்திலும் இந்தத் தாளுடன் உட்கார வேண்டும். 'இவரை வாங்கினால் நம் பிள்ளைகளில் யாருடைய வழி அடைபடும்?' என்ற ஒரு கேள்விக்குப் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்ல வேண்டும். எழுத வைத்தாலே பாதி வாங்கல்கள் நின்றுவிடும்.

மான்செஸ்டர் யுனைடெட் 1937 அக்டோபரிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்குமான பட்டியலிலும் தன் இளையோர் அணியில் வளர்ந்த ஒருவரையாவது வைத்திருக்கிறது. எத்தனையோ பயிற்சியாளர்கள் வந்துபோன பிறகும் அது தொடர்வதற்குக் காரணம், அது கிளப்பின் வழக்கமாகிவிட்டதுதான்.

படி 2: தேர்வு, அதில் ஒளிந்திருக்கும் பிறந்த மாதம்

வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 வெட்டுத் தேதி என்றால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே அணிக்கு மோதுவார்கள். 9 வயதில் 11 மாத வித்தியாசம் என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. பெரியவன் வேகமாக ஓடுகிறான், பந்தைத் தட்டிப் பறிக்கிறான். ஆள் தேடும் ஸ்கவுட் அதைத் 'திறமை' என்று எழுதுகிறார். தேர்வானதால் நல்ல பயிற்சி கிடைக்கிறது, நல்ல பயிற்சியால் உண்மையிலேயே முன்னேறுகிறான். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஸ்கவுட் சொன்னது சரியாகிவிட்டது போலவே இருக்கும்.

உங்கள் கிளப்பில் இது நடக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு வயது அணியிலும் பிறந்த மாதங்களை மூன்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். இயல்பாகக் காலாண்டுக்குச் சுமார் 25 சதவீதம் வர வேண்டும். முதல் காலாண்டில் 40-ஐத் தாண்டி, கடைசியில் 10-க்குக் கீழே இருந்தால் நீங்கள் திறமையைத் தேர்வு செய்யவில்லை, பிறந்தநாளைத் தேர்வு செய்திருக்கிறீர்கள்.

சரிசெய்ய எளிய வழி ஒன்று: ட்ரையல்ஸ் எனப்படும் தேர்வு ஆட்ட நாளில் எண்களை வயது வரிசையில் கொடுங்கள். மிகப் பெரியவனுக்கு 1, மிகச் சிறியவனுக்குக் கடைசி எண். இந்த வரிசையை ஸ்கவுட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தைப் பார்க்கும்போதே 'இந்த 22-ஆம் நம்பர் பத்து மாதம் சின்னவன்' என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வயதைப் பட்டியலில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் யாரும் ஆட்டத்துக்கு நடுவே அதைப் புரட்டுவதில்லை.

ஒரே நாள் ட்ரையல்ஸை நம்பாதீர்கள். நான்கு முதல் ஆறு பயிற்சிகள், மூன்று வாரம், இரண்டு வெவ்வேறு பயிற்சியாளர்கள். பார்க்க வேண்டியவை வேகமும் உயரமும் இல்லை, அவை மாறும். பந்து வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறானா? முதல் தொடுதல் பந்தைக் காலடியில் நிறுத்துகிறதா, போக வேண்டிய பக்கம் தள்ளுகிறதா? பந்தை இழந்தபின் அடுத்த மூன்று விநாடி என்ன செய்கிறான்? ஒரு முறை தோற்ற தந்திரத்தை மறுபடி முயல்கிறானா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், மற்றதெல்லாம் குறைவாக இருந்தாலும் அவனை இன்னும் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்.

படி 3: 6 முதல் 11 வரை, பந்து காலில் இருக்க வேண்டும்

இந்த வயதில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பந்தை எத்தனை முறை தொட்டது? பத்துப் பேர் வரிசையில் நின்று ஒருவர்பின் ஒருவராகக் கோல் அடிக்கும் பயிற்சியை எண்ணிப் பாருங்கள். ஓர் அடிக்கு 12 விநாடி என்றாலும் முறை திரும்பி வர 2 நிமிடம். 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு 10 அடி. மீதி நேரம் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுப்பதில் கழிகிறது.

அதற்குப் பதில் 12 பிள்ளைகள், 75 நிமிடம், 9 வயதுப் பிரிவுக்கான ஒரு பயிற்சி இதோ. தேவையானவை: 4-ஆம் அளவுப் பந்து 16, இரண்டு நிறத்தில் பிப் (அணியைப் பிரித்துக் காட்டும் மேல்சட்டை), 40 தட்டைக் கோன்கள், 2 மீட்டர் அகலச் சிறு கோல்கள் 8. கோல் இல்லையென்றால் கம்போ கோனோ போதும்.

முதல் 15 நிமிடம் ஆளுக்கொரு பந்து. 20 × 20 மீட்டர் சதுரத்தில் எல்லோரும் ஓட்ட வேண்டும், மோதாமல், இரண்டு காலாலும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கட்டளை மாறும்: உள்பாதம் மட்டும், இடது கால் மட்டும், பயிற்சியாளர் உயர்த்தும் விரல்களின் எண்ணைக் கத்திச் சொல்லிக்கொண்டே ஓட்டு. இந்தக் கடைசி விளையாட்டு வேடிக்கையாகத் தெரியும். தலை நிமிர வைப்பதற்கு இதைவிட நல்ல தந்திரம் கிடையாது.

அடுத்த 15 நிமிடம் ஒருவருக்கு ஒருவர். 10 × 8 மீட்டர் கட்டங்கள் ஆறு, கட்டத்துக்கு இருவர். எதிராளியின் பின்கோட்டைப் பந்தோடு கடந்தால் ஒரு புள்ளி. 60 விநாடி ஆட்டம், 60 விநாடி ஓய்வு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் வென்றவன் வலப்பக்கக் கட்டத்துக்கும் தோற்றவன் இடப்பக்கக் கட்டத்துக்கும் நகர்வார்கள். நான்காவது சுற்றில் சமமானவர்கள் தானாகவே நேருக்கு நேர் வந்துவிடுவார்கள். யாரும் யாரையும் பிரிக்க வேண்டியதில்லை.

பிறகு 35 நிமிடம் 3-க்கு 3, நான்கு கோல் ஆட்டம். சுமார் 30 × 25 மீட்டர் மைதானம் இரண்டு பக்கம் பக்கமாக. ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்களைக் காத்து, எதிரே உள்ள இரண்டில் அடிக்கலாம். கோலுக்கு முன் 6 மீட்டர் கோட்டைக் கடந்தபின்தான் அடிக்க வேண்டும். ஒரு கோல் அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கும், ஆகவே பார்க்காமல் முட்டி மோதுகிறவன் தோற்பான். பார்த்துத் திருப்புகிறவன் ஜெயிப்பான். ஹார்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியப் பயிற்சியாளர் ஃபுனின்யோ என்ற பெயரில் பரப்பிய ஆட்டம் இது. ஜெர்மனி 2024-25 முதல் சிறுவர் கால்பந்தில் இத்தகைய சிறு வடிவங்களையே கட்டாயமாக்கியிருக்கிறது. 7 நிமிடம் வீதம் நான்கு ஆட்டம், இடையில் 2 நிமிடம் தண்ணீர். மீதி 10 நிமிடம் பந்து பொறுக்கவும் பேசவும்.

ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் மிகக் கடினம். 'பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு' என்று ஓரத்திலிருந்து கத்தினால் முடிவெடுக்கும் வேலை கத்துகிறவருடையதாகிவிடுகிறது. தண்ணீர் இடைவேளையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எந்தக் கோல் காலியாக இருந்தது? எப்போது தெரிந்தது?'

இந்த வயதில் இடம் நிர்ணயிக்காதீர்கள், கோல்கீப்பர் உட்பட. வார மொத்தப் பயிற்சி மணி பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது: 9 வயதுக்கு 9 மணி நேரம்தான் உச்சவரம்பு, அதில் பள்ளி விளையாட்டும் அடக்கம். தலையால் பந்தடிக்கும் பயிற்சியும் வேண்டாம். இங்கிலாந்து 2020-லேயே தொடக்கப் பள்ளி வயதுப் பயிற்சிகளிலிருந்து அதை நீக்கிவிட்டது.

படி 4: 12 முதல் 16 வரை, உடம்பு ஓடும் ஓட்டம்

அகாடமிகள் அதிகம் தவறு செய்யும் கட்டம் இது. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 14 வயதையொட்டி மிக வேகமாக வளர்கிறார்கள், பெண் பிள்ளைகள் சுமார் இரண்டு வருடம் முன்னதாக. ஆனால் இது சராசரி. ஒரே வகுப்பில் ஒருவனுக்கு 12-ல் வரும், பக்கத்தில் இருப்பவனுக்கு 16-ல் வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளந்து எழுதுங்கள். காலை நேரம், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டி, பார்வை நேராக. மாலைக்குள் முதுகெலும்பு அழுந்தி உயரம் கொஞ்சம் குறையும், அதனால் நேரம் மாறக் கூடாது. இரண்டு முறை அளந்து, 4 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை அளக்க வேண்டும்.

கணக்கு இப்படி: சென்ற முறை 152.0 செ.மீ., 92 நாள் கழித்து 154.3. வித்தியாசம் 2.3. அதை 92-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 9.1 செ.மீ. வேகம். 7-ஐத் தாண்டினாலே எச்சரிக்கைக் கொடி காட்டுங்கள். 9 என்றால் அந்தப் பிள்ளை உச்சத்தில் இருக்கிறது. ஏன் மாதாமாதம் அளக்கக் கூடாது என்று கேட்பார்கள். அளவில் அரை செ.மீ. பிழை வந்தால், 30 நாள் இடைவெளியில் அது வருடக் கணக்கில் 6 செ.மீ. பொய்யாக வீங்கும், 92 நாளில் 2 செ.மீ. மட்டுமே.

கொடி ஏறியபின் என்ன? எலும்பு முதலில் நீள்கிறது, தசையும் தசைநாரும் பின்னால் வருகின்றன. முழங்கால் சில்லுக்குக் கீழே வலியோடு ஒரு புடைப்பு வந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர், குதிகால் பின்புறம் வலித்தால் சீவர் எனப்படும் வளர்ச்சிக்காலத் தொல்லை. இரண்டும் தானே தீரும், ஆனால் வலியோடு ஆட வைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். தாவுதல், முழு வேகத்தில் ஓடி திடீரென நிறுத்தல், நீண்ட தூர உதைகளைத் திரும்பத் திரும்ப அடித்தல் மூன்றையும் குறையுங்கள். சமநிலை, ஓடும் முறை, இடுப்பு வலு ஆகியவற்றைக் கூட்டுங்கள். பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்; பாஸ், சிறு இட ஆட்டம், வீடியோ எல்லாம் தொடரலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் மைதானத்தில் முடிவெடுக்காதீர்கள்.

இந்த ஆறேழு மாதம் ஆட்டமும் கெடும். நேற்றுவரை காலில் ஒட்டியிருந்த பந்து இன்று இரண்டடி தள்ளிப் போகும். கால் நீளம் மாறிவிட்டது, மூளைக்கு இன்னும் தகவல் போகவில்லை. 'இவனுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது' என்று குறிப்பெழுதி வெளியேற்றும் விபத்து இங்கேதான் நடக்கிறது. வளர்ச்சிக் கொடி ஏறியிருக்கும்போது யாரையும் விடுவிப்பதில்லை என்று எழுத்தில் விதி வையுங்கள்.

உடல் முதிர்ச்சியை ஒட்டிப் பிரித்து ஆடவைப்பது இன்னொரு கருவி. எதிர்பார்க்கும் முழு உயரத்தில் இப்போது எத்தனை சதவீதம் என்று பார்த்து, 85 முதல் 90 வரை ஒரு குழு, 90 முதல் 95 வரை ஒரு குழு. தோராயக் கணக்குக்குப் பெற்றோர் உயரம் போதும். தந்தை 172, தாய் 158 என்றால் இரண்டையும் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சேர்த்து, பாதியாக்குங்கள்: 171.5. பெண் பிள்ளைக்கு 13-ஐக் கழிக்க வேண்டும். 152 செ.மீ. பையன் இதில் 88.6 சதவீதம். இந்தக் கணக்கு 8 செ.மீ. அங்கே இங்கே போகும். பிள்ளையின் வயது, உயரம், எடையையும் சேர்க்கும் கேமிஸ்-ரோஷ் முறை இதைவிட நெருங்கி வரும். மாதம் ஓர் ஆட்டம் இப்படி வைத்தாலே போதும். முன்கூட்டி வளர்ந்தவன் தன்னைப் போன்ற உடல்களோடு மோதும்போது தோள்பலம் எடுபடாமல் யோசிக்கத் தொடங்குவான். தாமதமாக வளர்பவன் முதல்முறையாக ஆட்டத்தை நடத்திப் பார்ப்பான். பெல்ஜியம் தேசிய அளவிலேயே தாமத வளர்ச்சிப் பிள்ளைகளுக்குத் தனி அணி வைத்திருந்தது.

வார்ம்-அப் விஷயத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். ஃபிஃபா 11 பிளஸ்: 15 பயிற்சிகள், 20 நிமிடம், வாரம் இரண்டு முறையாவது. முழங்கால் தசைநார்க் கிழிவு பெண் பிள்ளைகளுக்கு ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருவதால், பெண்கள் அணியில் இதைத் தவறவிடவே கூடாது. ஊருக்கு முன் செய்து காட்டிவிட்டு, மழை நாளில் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

படி 5: ஆளுக்கொரு தாள்

14 வயதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் திட்டம் வேண்டும். மூன்றே வரிகள். ஒன்று, ஏற்கெனவே நன்றாக வரும் ஒன்றை ஆயுதமாக்குவது. இரண்டு, மேலே போகத் தடையாக இருக்கும் குறை. மூன்று, ஆடக்கூடிய இரண்டாவது இடம். பல கிளப்புகள் முதல் வரியை விட்டுவிட்டுக் குறைகளாகப் பட்டியல் போடுகின்றன. எல்லாம் சுமாராக வரும் 18 வயதுக்காரரை எந்த முதல் அணியும் கூப்பிடுவதில்லை. யாருக்கும் வராத ஒன்று வருபவரைத்தான் கூப்பிடும்.

'இடது காலை மேம்படுத்து' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. 'வலப்பக்கத்திலிருந்து அழுத்தம் வரும்போது இடது உள்பாதத்தால் முதல் தொடுதல், உடனே முன்னோக்கி பாஸ்; ஆட்டத்துக்குக் குறைந்தது மூன்று முயற்சி' என்று எழுதுங்கள். வெற்றியை எண்ண வேண்டாம், முயற்சியை எண்ணுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை நான்கு வீடியோ துண்டுகளோடு உட்கார்ந்து, முதலில் பிள்ளையைப் பேசவிடுங்கள். பெற்றோருக்கு இதே தாளின் நகல். ஆட்ட முடிவு பற்றிப் பெற்றோருடன் மைதான ஓரத்தில் பேசுவதில்லை என்பதும் விதியாக இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து, நேரம் வாங்கிக்கொண்டு வரலாம்.

படி 6: 17 முதல் 21 வரை, பாலம்

முதல் அணிக்கும் இளையோர் அணிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம் என்பார்கள். கூர்ந்து பார்த்தால் அது மன்னிப்பு. இளையோர் ஆட்டத்தில் ஒரு தவறான பாஸுக்கு எதிரணி இன்னொரு தவறான பாஸால் பதில் சொல்லும். மேலே அது கோலாகிவிடும். இதை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது, ஆடித்தான் தெரிய வேண்டும்.

வரிசை இது. முதலில் வாரம் ஒரு நாள் முதல் அணியோடு பயிற்சி, ஆறேழு வாரத்துக்குப் பிறகு இரண்டு நாள். 'கூப்பிடும்போது வா' என்று சொல்லாமல், எந்த நாள் என்பதை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். அடுத்து மாற்று ஆட்டக்காரராக இறுதி 20 நிமிடம். 0-3 என்று பின்தங்கிய ஆட்டத்தில் இறக்காதீர்கள்: எல்லோரும் சோர்ந்திருப்பார்கள், அமைப்பு உடைந்திருக்கும், பிள்ளை எதையும் கற்காது. 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது இறக்குங்கள். பிறகு தொடக்க ஆட்டம். அன்று அவரைச் சுற்றி அனுபவசாலிகள் இருக்க வேண்டும், மூன்று பிள்ளைகளை ஒரே பக்கத்தில் அடுக்கக் கூடாது. சரியாக ஆடாவிட்டாலும் ஐந்து ஆட்டத் தொடர் உண்டு என்று முன்பே வாக்குக் கொடுங்கள். ஒரே ஆட்டத்தில் தன்னை நிரூபிக்கச் சொன்னால் 19 வயதுக்காரர் பாதுகாப்பான பின்பாஸ் மட்டுமே கொடுப்பார்.

முதல் அணியில் இடமில்லை என்றால் லோன், அதாவது வேறு கிளப்பில் ஆடத் தற்காலிகமாக அனுப்புவது. அனுப்புமுன் நான்கைக் கேளுங்கள்: அந்தக் கிளப்பில் இதே இடத்துக்கு எத்தனை பேர்? ஆட்ட முறை நம்முடையதோடு ஒத்துப்போகிறதா? கேட்டு வாங்கிய பயிற்சியாளர் சீசன் முடியும்வரை இருப்பாரா? நம் ஆள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பாரா? இங்கிலாந்தின் கோலடி நட்சத்திரம் ஹாரி கேன் இளவயதில் லெய்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என நான்கு கிளப்புகளுக்கு லோனில் போனார். எல்லாமே வெற்றி இல்லை, ஆனால் ஒன்று சரியாக அமையாததால் அவரைக் கைவிடவும் இல்லை. 2022-ல் வந்த ஃபிஃபா விதி, பன்னாட்டு லோன்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டபோதும், 21 வயதுவரையான கிளப் வளர்த்த ஆட்டக்காரர்களை அந்த வரம்பிலிருந்து விலக்கிவைத்தது.

கோல்கீப்பர்களுக்குத் தனிக் கணக்கு. ஒரே இடம், காயமும் குறைவு, மாற்றும் அபூர்வம். அவர்களுக்கு லோன் ஏறக்குறைய கட்டாயம். முதிர்ச்சியும் நாலைந்து வருடம் பிந்தியே வரும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. நன்றாக ஆடும் 18 வயதுக்காரரை இளையோர் அணி, ரிசர்வ் அணி, முதல் அணி, தேசிய அணி நான்கும் கூப்பிடும். 2020-21 சீசனில் பார்சிலோனாவின் இளம் ஆட்டக்காரர் பெட்ரி கிளப்புக்கும் நாட்டுக்குமாக 70-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அடுத்த சீசனின் பெரும்பகுதி தசைக் காயத்தில் போனது. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் எல்லா அணிகளையும் சேர்த்து ஒரே நிமிடக் கணக்கேடு, அதை வைத்திருக்க ஒரே ஆள்.

படி 7: காகித வேலை

சலிப்பானது, ஆனால் பணம் இங்கேதான் தப்பிப்போகிறது. பதிவு செய்த தேதி, விடுவித்த தேதி, ஒவ்வொரு லோனின் தொடக்கமும் முடிவும் 12 வயதிலிருந்தே ஆவணமாக இருக்க வேண்டும். லோனில் அனுப்பும்போது பதிவும் அந்தக் கிளப்புக்குப் போகிறது. ஆகவே 36 மாதக் கணக்கை எட்டுமுன் அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். 18 வயதில் வந்து சேர்பவருக்கு இந்தக் கணக்கு நூலிழையில்தான் தேறும்.

ஒற்றுமைப் பங்கு எனப்படும் ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடியுமுன் ஆட்டக்காரர் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறும்போது தரப்படும் கட்டணத்தில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்குப் போகும். 12 முதல் 15 வயதுவரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5. பிள்ளை உங்களிடம் 12 முதல் 19 வரை எட்டு சீசன் இருந்திருந்தால் 1 + 2 = 3 சதவீதம். கட்டணம் 1 கோடி யூரோ என்றால் உங்களுக்கு 3 லட்சம். எத்தனை முறை விற்கப்பட்டாலும் ஒவ்வொரு முறையும். இதைத் தவிரப் பயிற்சி ஈட்டுத்தொகையும் உண்டு; முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போதும், 23 வயது நிறையும் சீசன்வரை நடக்கும் பன்னாட்டு மாற்றங்களின்போதும்.

18 வயதுக்குட்பட்டவருக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் போட ஃபிஃபா அனுமதிப்பதில்லை. சில விலக்குகள் தவிர, அந்த வயதுக்குள் நாடு விட்டு நாடு மாற்றவும் முடியாது. இதை மீறியதற்காக 2014-ல் பார்சிலோனாவுக்கே இரண்டு மாற்றச் சாளரங்களுக்கு, அதாவது ஆட்டக்காரர்கள் கிளப் மாற அனுமதிக்கும் இரண்டு காலங்களுக்கு, ஆள் எடுக்கத் தடை விழுந்தது.

பிள்ளைகளின் பாதுகாப்பும் காகிதத்தில் இருக்க வேண்டும்: பின்னணி சரிபார்க்காமல் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை, மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே இருப்பதில்லை, பயணத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். புகார் கேட்பவர் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. அணியில் இடம் கொடுப்பவரிடம் எந்தப் பிள்ளையும் புகார் சொல்லாது.

படி 8: அனுப்பி வைப்பது

சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் அணிக்கு வர மாட்டார்கள். முடிவை நேரில், பெற்றோருடன், சீசன் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே சொல்லுங்கள். அப்போதுதான் வேறு கிளப் தேட நேரம் இருக்கும். குறுஞ்செய்தியில் சொல்வது அநாகரிகம், அது இன்றும் நடக்கிறது. காரணங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், வீடியோத் தொகுப்பைக் கையில் கொடுங்கள், ஆடக்கூடிய மூன்று கிளப்புகளுக்கு நீங்களே பேசுங்கள். படிப்பு நடந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே வலியுறுத்தியது இந்த நாளுக்காகத்தான்.

விடுவித்தவர்களின் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருடம்வரை ஒவ்வொருவரும் எங்கே, எந்த அளவில் ஆடுகிறார் என்று குறித்துவாருங்கள். 15 வயது அணி வென்ற கோப்பைகள் எதையும் சொல்லாது; முன்கூட்டி வளர்ந்த பதினொரு பேர் கிடைத்தால் யாரும் ஜெயிக்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள் ஸ்கவுட்களையும் பயிற்சியாளர்களையும் உட்கார வைத்து மூன்று தாள்களை மேசையில் போடுங்கள்: முதல் அணியில் சொந்தப் பிள்ளைகள் ஆடிய நிமிடங்கள், காலாண்டு வாரியாகப் பிறந்த மாதங்கள், விடுவித்தபின் நம்மைவிட மேலே போனவர்களின் பெயர்கள். மூன்றாவது தாளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் அன்றைய வெளியேற்றக் குறிப்பை எடுத்து வாசியுங்கள். 'உயரம் போதாது', 'வலுவில்லை', 'ஆர்வம் குறைவு' என்ற மூன்றில் எது அதிகம் வருகிறது என்று எண்ணி, அந்தச் சொல்லை அடுத்த வருடப் படிவத்திலிருந்து நீக்குங்கள்.